மடியில் விழுந்த மீன் யாருடையது?

ஒரு சமுதாயம் அறத்தைப் பற்றி என்ன பேசுகின்றது என்பதனை அதன் நூல்களிற் காணலாம். அந்த அறத்தை அது எவ்வாறு நடத்துகின்றது என்பதனை அறிய வேண்டுமாயின், கிடைத்த பொருளை அது பங்கிடும் இடத்திற்குத்தான் நாம் செல்லவேண்டும். மட்டக்களப்பு நாட்டில் அத்தகைய இடங்கள் இரண்டு. ஒன்று சூடு மிதிக்கும் களம். மற்றது கரைவலை இழுக்கும் கடற்கரை. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையே நெற்களத்தில் நடைபெறும் கணக்கைப் பற்றி ஓரளவேனும் எழுதப்பட்டுள்ளது. கடற்கரை மணலில் நடைபெறும் கணக்கைப் பற்றியோ நமது படித்த வட்டாரம் அதிகம் சிந்தித்ததில்லை. அது மீனின் விலையை அறியும். மீன் பங்கிடப்படும் முறையை அறியாது.

புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்தால், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பை அடைகிறோம். 1924இல் கட்டப்பட்ட பழைய பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அங்கே அருகருகே நிற்கின்றன. பாலத்தின் அடியிற் பாடும் மீன்களைப் பற்றி உலகமே கேள்விப்பட்டிருக்கிறது. பாலத்திற்கு அப்பால் பாடுபடும் மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டோர் குறைவு. வாடைக் காற்றின் சீற்றம் அடங்கிக் கீழைக்கடல் அமைதியுறும் மாதங்களில், நாவலடி தொடக்கம் தெற்கே கல்முனைக்கு அப்பாலும் வடக்கே கல்குடா, வாழைச்சேனை வரையும் வாடிகள் உயிர்பெறுகின்றன. கீரி, சூடை, நெத்தலி, காரல், பாரை எனக் கூட்டங் கூட்டமாய்க் கரையை அணுகும் மீன்களே கரைவலையின் இலக்கு.

தொழிலின் அமைப்பை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். கயிற்றின் ஒரு நுனி கரையில் நிற்கும். தோணி மறு பகுதியை ஏற்றிக்கொண்டு கடலினுள் சென்று, வலையை அரைவட்டமாய் இறக்கி, சற்றுத் தொலைவில் மீண்டும் கரை சேரும். பின்னர் இரு அணிகளாய்ப் பிரிந்த மனிதர், கயிற்றை இடுப்போடு அணைத்துக் காலை மணலிற் புதைத்துப் பின்னோக்கி நடப்பர். கயிறு குறையக் குறைய இரு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கும். அகன்ற கண்ணுள்ள கைகளைப் பின்தொடர்ந்து, நடுவிலே நெருங்கிய கண்ணுடைய மடி வந்து சேரும். மீன் அந்த மடியிலேதான் இருக்கும்; சில நாளில் இருக்காது. இதற்கு இருபது பேரும் வேண்டும், நாற்பது பேரும் வேண்டும். எந்தத் தனி மனிதனும், அவன் எத்துணை வலியனாயினும், எத்துணைச் செல்வனாயினும், ஒரு கரைவலையைத் தனியே இழுத்தல் இயலாது. நமது விசாரணைக்கு இந்த உண்மையே அடித்தளமாகும்.

மீன்கள் ஏன் கூட்டமாய்த் திரிகின்றன என்ற கேள்விக்கு உயிரியல் தரும் விடையையும் இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். தனித்துத் திரியும் மீன் இரையாகும் வாய்ப்பு மிகுதி. கூட்டத்தின் நடுவே உள்ள மீனுக்கு அது குறைவு. ஒவ்வொன்றும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மற்றவற்றின் அருகே ஒதுங்குவதே கூட்டம் தோன்றப் போதுமான காரணமாகலாம் என வில்லியம் ஹமில்டன் 1971இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். ஆயிரம் உடல்கள் ஒருங்கே மின்னித் திரும்பும்போது வேட்டையாடும் பெருமீன் எதைக் குறிவைப்பதெனத் திகைக்கிறது. ஆனால் பல்லுக்கு எதிராய்ப் பயன்பட்ட இந்தத் தற்காப்பு வலைக்கு எதிராய்ப் பயன்படுவதில்லை. வலை ஒன்றைக் குறிவைப்பதன்று, அனைத்தையும் வளைப்பது. பெருமீன் ஒன்றுக்கு எதிராய்க் கூட்டத்தைக் காத்த அந்த நெருக்கமே மனிதரின் கைக்கு அதனை முழுதாய் ஒப்படைத்துவிடுகிறது. ஒரே இழுப்பில் மிகப் பெருந்தொகை கரையேறுகின்ற காரணத்தால், அதனை எவ்வாறு பங்கிடுவது என்ற பிரச்சினையும் பெரிதாய் எழுகின்றது. தூண்டிலில் அகப்பட்ட ஒற்றை மீனைப் பற்றி எவரும் தத்துவம் பேசுவதில்லை.

மடியில் விழுந்த மீன் யாருடையது? வலையும் தோணியும் தன்னுடையவை என்கிறார் முதலாளி. நீரின் நிறமாற்றத்தையும் பறவைகளின் வட்டத்தையும் கண்டு கூட்டம் இங்கே இருக்கிறதென்று கண்டறிந்தது தம் கண்ணே என்கிறார் அனுபவம் முதிர்ந்த மன்றாடி. இழுத்தது எங்கள் கை என்கின்றனர் தொழிலாளர். இது எங்கள் கரை, இன்று எங்கள் முறை என்கின்றது ஊர். இவர்கள் அனைவரும் பேசி முடித்த பின்னர், கையில் ஒரு சிறு பாத்திரத்துடன் நிற்கும் கைம்பெண் எதுவும் பேசாமலே தன் உரிமையை நினைவூட்டுகிறாள். இவற்றுள் எந்தக் கோரிக்கை நியாயமானது? எல்லாமே நியாயமானவையெனின், ஒன்று மற்றொன்றுக்கு எந்த எல்லையில் வழிவிடவேண்டும்?

மேனாட்டு அரசியல் தத்துவத்தில் தனிச்சொத்துக்கு நியாயம் தேடியவர்களுள் முதன்மையானவர் ஜோன் லொக். 1690 என ஆண்டிடப்பட்டு வெளிவந்த அவரது அரசாங்கம் பற்றிய ஆய்வுரையிலே கடல் மீனே ஓர் உதாரணமாய் வருகின்றது. கடல் மனித குலத்தின் பொதுவுடைமை. ஆயினும் அதிலிருந்து ஒருவன் தன் உழைப்பால் எடுத்த மீன் அவனுக்கே உரியது என்பது அவரது வாதம். கேட்கும்போது இது தெளிவாகவே தோன்றுகிறது. ஆனால் இந்த வாதத்தைக் கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்ப்போமாயின் இரண்டு இடங்களில் அது தடுமாறுகிறது. லொக் கண்ட மீனவன் தனி மனிதன். நமது கரையிலோ உழைப்பவர் நாற்பது பேர். உழைப்பே உரிமைக்கு ஊற்றெனில், வலை வைத்திருப்பவர் வலை வைத்திருக்கும் ஒரே காரணத்தால் பெரும்பங்கு பெறுவதற்கு அந்தத் தத்துவத்தில் இடமில்லை. அடுத்து, எடுப்பவன் மற்றவர்க்குப் போதுமானதையும் அதே தரமானதையும் விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் லொக் தாமே இட்டிருந்தார். அவரை மேற்கோள் காட்டும் செல்வர் பலர் முதற் பகுதியை உரக்கப் படித்து, நிபந்தனையை மறந்துவிடுகின்றனர்.

கடல் எல்லோர்க்கும் பொது என்ற கொள்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு புளியந்தீவின் கோட்டைச் சுவரையும் தொட்டுச் செல்கிறது. 1602இல் ஒல்லாந்தரான யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கினார். 1609இல் ஹியூகோ குரோஷியஸ் ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலை வெளியிட்டார். கடலை எவரும் கைப்பற்றி வேலியிட முடியாது; ஒருவர் பயன்படுத்துவதால் அது மற்றவருக்குக் குறைவதில்லை; ஆதலின் கீழைக் கடலுக்குப் போர்த்துக்கேயர் தனியுரிமை கோருதல் செல்லாது என்பது அதன் சாரம். நூலின் பின்னணியில் நின்றது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் நலன். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கட்டிய கோட்டையை, கண்டி மன்னனின் துணையுடன் 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். பிறருடைய ஏகபோகத்திற்கு எதிராய்க் கடலின் சுதந்திரத்தைப் பேசியவர்கள், கைக்கு வந்த கரைகளிற் கறுவாவைத் தம் ஏகபோகமாக்கினர். சுதந்திரம் என்ற சொல்லை யார் சொல்கிறார், எந்தப் பண்டத்தின் பக்கம் நின்று சொல்கிறார் என்று கேளாமல் அதனை ஏற்றல் கூடாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். கடல் எல்லோர்க்கும் பொது என்று மட்டும் சொல்லி நிறுத்துவோமாயின், பெரிய வலை உள்ளவனுக்கே அது பொதுவாய்ப் போய்விடும்.

இனி முதலாளியின் வாதத்தை அதன் வலிமை குன்றாமல் எடுத்து நோக்குவோம். வலைக்கும் கயிற்றுக்கும் தோணிக்கும் பெரும் பணம் வேண்டும். பாறையிற் சிக்கிக் கிழிந்தால் நட்டம் அவருடையது. தொழில் இல்லாத மாதங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கு முற்பணம் கொடுத்துத் தாங்குபவரும் அவரே. எனவே கூடுதற் பங்கு அவருக்கு நியாயம் என்பர். வலை தேய்வதற்கும் தோணி பழுதடைவதற்கும் ஈடு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. உழைப்பின் விளைவாகிய கருவியைப் பேணுவதும் உழைப்பைப் பேணுவதே. ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. கரைக்குக் கரை விகிதம் வேறுபடினும் ஒழுங்கு ஒன்றே: செலவு முதலிற் கழிக்கப்படும், எஞ்சியதில் வலைக்கும் தோணிக்கும் ஒரு பகுதி போகும், மீதியே உழைத்தவரிடையே பிரிக்கப்படும். மடி வெறுமையாய் வந்த நாளில் முதலாளிக்கு வருமானம் இல்லை என்பது மெய்; தொழிலாளிக்கு அன்றைய சோறே இல்லை என்பதும் மெய். கூலி முறையிலாவது இழப்பை முதலாளி ஏற்கவேண்டும். பங்கு முறையிலோ இழப்பு நாற்பது வயிறுகளின்மேல் இறங்குகிறது. விலையை முடிவுசெய்யும் அதிகாரம் மட்டும் நாற்பதாய்ப் பிரிவதில்லை. தொழிலாளி இழப்பிற் பங்காளியாகவும் இலாபத்திற் கூலியாளாகவும் வைக்கப்படுகிறான். முற்பணமும் அத்தகையதே. அது பசிக்கு உதவுகிறது. அடுத்த பருவத்தில் வேறு வாடிக்குப் போகும் உரிமையையும் விலைக்கு வாங்கிவிடுகிறது. முற்பணம் கொடுப்பவர் தனிப்பட்ட முறையில் இரக்கமுள்ளவராய் இருக்கலாம். அந்த இரக்கத்தினால் உறவின் தன்மை மாறிவிடுவதில்லை.

சிந்திய மீனை எடுப்போரின் உரிமை மேலும் நுண்மையானது. மடி கரையேறும்போது மணலிற் சிதறும் மீனைப் பொறுக்கும் முதியோரையும் சிறுவரையும் விரட்டாதிருத்தல் பல கரைகளின் வழக்கம். இதனைப் பிச்சை என்று அழைப்போர் உண்டு. ரைன் மாகாணச் சட்டசபை காட்டில் உதிர்ந்த விறகைப் பொறுக்குவதையும் திருட்டாக்க முனைந்ததை, இளம் பத்திரிகையாளராய் இருந்த கார்ல் மார்க்ஸ் கண்டித்து 1842இல் தொடர் கட்டுரைகள் எழுதினார். உதிர்ந்த விறகு மரத்தோடு ஒட்டியதன்று. அது வறியோரின் வழக்குரிமை. அதனைத் திருட்டென அழைக்கும் சட்டம் வறுமையையே குற்றமாக்குகிறது என்பது அவர் வாதத்தின் போக்கு. சிந்திய மீனும் அவ்வாறே. அது முதலாளியின் ஈகை அல்ல. பங்குக் கணக்கு எழுதத் தொடங்குமுன்பே கடற்கரை மக்கள் எழுதிவைத்த முதல் விதி. உழைக்க இயலாதவருக்கும் உயிர்வாழும் உரிமை உண்டென்பதை நமது கரை எந்த நூலையும் படியாமலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வள்ளுவரும் கொல்லாமை பற்றிய அதிகாரத்திலேயே பங்கிட்டு உண்பதையும் உயிர்களைக் காப்பதையும் ஒருசேர வைத்தார். பங்கிடாமையும் ஒருவகைக் கொலை என அவர் கருதினார் போலும்.

வடக்கு, கிழக்குக் கரைகள் சிலவற்றில் உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்சு மூலம் கரைவலையை இழுக்கும் முறை அண்மைக் காலத்திற் புகுந்தது. அதற்கு எதிராய்க் கடற்றொழிலாளர் குரல் எழுப்பினர். இங்கே முற்போக்காளர் தெளிவாய் இருத்தல் வேண்டும். இயந்திரம் நமக்குப் பகையன்று. உப்புக் கயிறு அறுத்த உள்ளங்கைகளையும் இளமையிலேயே வளைந்த முதுகுகளையும் கண்டவர் எவரும், இந்த உழைப்பு என்றென்றும் இப்படியே இருக்கவேண்டும் என்று வாதிக்க மாட்டார். தூரத்தில் நின்று அம்பாப் பாட்டின் இனிமையில் மயங்குவோர்க்கே அது இயலும். ஆயினும் முதுகிலிருந்து சுமையை இறக்கும் இயந்திரம், வாயிலிருந்து உணவையும் இறக்குமாயின், அது யாருடைய இயந்திரம் என்று கேட்பது நம் கடமை. நாற்பது பேர் இழுத்த வலையைப் பத்துப் பேரும் ஓர் இயந்திரமும் இழுக்கும்போது முப்பது பேரின் பங்கு எங்கே சென்றது? அது கடலுக்கும் திரும்பவில்லை. எஞ்சிய பத்துப் பேருக்கும் சேரவில்லை. இயந்திரம் இழுப்பவர்களின் கூட்டுடைமையாய் இருந்திருப்பின் அதே மாற்றம் ஓய்வாய் வந்திருக்கும். தனியுடைமையாய் வந்தமையால் அது வேலையின்மையாய் வந்தது.

உடைமையை மட்டும் அளக்கும் கண் எவ்வளவு குருடானது என்பதனை 2004 டிசம்பர் 26ஆம் நாள் நமக்குக் காட்டியது. ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்றது. பின்னர் உதவிகள் வந்தன. தீவின் பல கரைகளில் முன்பிருந்ததைவிட அதிகமான சிறுபடகுகள் வந்து சேர்ந்தன. படகை இழந்தவர் இழந்ததைச் சுட்டிக்காட்டலாம். பிறர் வலையை இழுத்துப் பங்கு பெற்று வாழ்ந்தவர் எதைச் சுட்டிக்காட்டுவது? அவர் இழந்தது ஒரு வேலை. வேலைக்குப் பதிவுப் பத்திரம் இல்லை.

இதுவரை மனிதரிடையே பங்கைப் பற்றிப் பேசினோம். மடியில் இன்னொரு பங்கும் இருக்கிறது. அது நாளைய மீனின் பங்கு. மடியின் நெருங்கிய கண், விற்பனைக்கு உதவாத குஞ்சையும் வளைத்துக் கொள்கிறது. கூட்டமாய் வாழும் மீன்களிடம் ஒரு விபரீதமும் உண்டு. அவற்றின் மொத்தத் தொகை குறைந்தாலும் எஞ்சியவை மீண்டும் நெருங்கிக் கூட்டமாகவே நிற்கும். ஆகவே ஓர் இழுப்பிற் கிடைக்கும் மீன் உடனே குறைவதில்லை. கடல் வறுமையுற்று வருவதை மடி மறைத்துவிடுகிறது. பெரு நாட்டின் நெத்தலி இன மீன்பிடி உலகிலேயே பெரிதாய் வளர்ந்து 1972இற் சரிந்தது. மிதமிஞ்சிய பிடிப்பும் எல் நினோவின் வெங்கடலும் அங்கே கைகோத்தன. கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையில் பல நூற்றாண்டு பிடிக்கப்பட்ட கொட் மீன் குன்றிப்போக, 1992 ஜூலையில் அரசு அப்பிடிப்பை நிறுத்தியது. பல்லாயிரம் பேர் ஒரே நாளில் தொழிலிழந்தனர். கூட்டம் நிற்கிறதே என்ற நம்பிக்கை, நின்றது கடைசிக் கூட்டம் என்பதை அறிய விடவில்லை.

முன்னோர் கடலைக் காத்தனர், நாம் அழிக்கிறோம் என்று கூறி இதனை முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது உண்மையாகாது. பருத்தி வலை நனைந்தபடி கிடந்தால் உக்கிப்போகும். அதனை உலர்த்தவேண்டும், மரப்பட்டைச் சாயமிட்டுப் பேணவேண்டும். வலை உலர்ந்த பொழுது கடல் ஓய்ந்தது. அந்த ஓய்வு முன்னோரின் அறத்தால் வந்ததன்று; நூலின் பலவீனத்தால் வந்தது. நைலோன் வலை உக்குவதில்லை. அதற்கு ஓய்வு தேவையில்லை. அன்று பொருளின் இயல்பே விதித்த எல்லையை இன்று மனிதர் தாமே அறிந்து விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இயலாமை இருந்த இடத்தில் அறத்திற்கு வேலையில்லை. இயன்ற பின்னரே அது தொடங்குகிறது.

அவ்வெல்லையை யார் விதிப்பது? பொதுவுடைமை அழிவிலேயே முடியும் என்று கரட் ஹார்டின் 1968இல் எழுதினார். அதனைக் காட்டிக் கடலையும் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்போர் உளர். எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட ஆய்வு நூலில், பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதி வகுத்துத் தாமே காவல் செய்த இடங்களில் அது நெடுங்காலம் நிலைத்ததைக் காட்டினார். அந்நூலில் நமது தீவின் உதாரணமும் உண்டு. போல் அலெக்சாண்டர் ஆராய்ந்த தென்கரை மாவெல்லக் கிராமத்தில் கரைவலைகள் முறைவைத்து இறக்கப்பட்டன. ஒவ்வொரு வலைக்கும் நல்ல இடமும் நல்ல நேரமும் சுழற்சியாய்க் கிடைத்தன. முறை நியாயமானதே. ஆனால் வலைகளின் தொகை பெருகிக்கொண்டே போனது. தொகையைக் கட்டுப்படுத்தும் விதி இருந்தும் அது நிலைக்கவில்லை. ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறை அரிதாயிற்று; உழைப்பின் பயன் சுருங்கிற்று. இன்றிருப்போரிடையே சமமாய்ப் பிரிப்பது மட்டும் நீதியாகாது. எவ்வளவு எடுப்பது என்ற கேள்வியும் நீதிக்குள் அடங்கும் என்பதை மாவெல்ல நமக்குக் கற்பிக்கிறது.

பசித்தவனிடம் நாளைய மீனைப் பற்றிப் பேசுவது கொடுமையல்லவா என்று நமது தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது. கடலின் ஓய்வுக்கான விலையைக் கரைவலைத் தொழிலாளியின் அடுப்பு மட்டும் கொடுக்கவேண்டும் என்றால், அது அறமன்று. பழைய சுரண்டலின் புதிய பெயரே. கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. பெருங்கருவிக்கு எல்லை இட்ட பின்னரே சிறு கருவிக்கு உபதேசம் செய்யும் தகுதி அரசுக்கு வருகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிறுத்தப்படுகின்றன. அக்காலத்திற்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. தொகை போதுமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஓய்வுக்கும் ஊதியம் உண்டு என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. அந்தக் கொள்கை நமது கரைக்கும் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவதில் தமிழ்த் தொழிலாளிக்கும் முஸ்லிம் தொழிலாளிக்கும், பருவந்தோறும் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடியிடும் சிங்களத் தொழிலாளிக்கும் நலன் ஒன்றே. இவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவோரின் நலனே வேறு.

ஆக, மடியில் விழுந்த மீன் யாருடையது? அது முழுதாய் எவருடையதும் அன்று என்பதே நமது விடை. முதலில், நாளை பிறக்கவேண்டியதை விட்டுவைத்தல். அடுத்து, உழைக்க இயலாதவர்க்கு உரியதைக் கொடுத்தல். அதன்பின் உழைத்தவரின் வாழ்வுக்குப் போதுமானதை வழங்குதல். இறுதியிலே கருவியின் தேய்மானத்திற்கு ஈடுசெய்தல். இன்று நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் இதன் தலைகீழான வரிசை. இதனை நிமிர்த்தும் வலிமை தனி மனிதரின் நல்லெண்ணத்துக்கு இல்லை. கருவியைக் கூட்டுடைமையாக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுக்கும், கணக்கைக் கேட்கத் தெரிந்த தொழிலாளிக்குமே அது உண்டு.

இறுதியாகச் சொன்ன அதில் ஆசிரியருக்கு ஒரு பங்கு இருக்கிறது. நமது பாடசாலைகளில் வட்டிக் கணக்கும் இலாப நட்டக் கணக்கும் கற்பிக்கிறோம். வட்டியைக் கணிக்கக் கற்ற கடற்கரைச் சிறுவன், தன் தந்தையின் பங்கு எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதை அறியாமலே பாடசாலையை விட்டு விலகுகிறான். செலவு எவ்வளவு, அதனை எழுதியவர் யார், முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது, மீன் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்ற நான்கு வினாக்களையும் கரும்பலகையில் எழுதி, விடை காணும் வழியை அவனுக்குக் கற்பிப்போமாக. அந்த வினாக்களோடு அவன் வாடிக்குத் திரும்பட்டும்.